தூண்டிலுக்கும் எல்லை உண்டு

கலிபோர்னியாவின் சான் டியேகோ துறைமுகத்திலிருந்து சூரை மீன் தேடி நெடும்பயணம் புறப்படும் படகுகள், முதலில் உயிருள்ள மத்தி மீன்களைத் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டே தெற்கு நோக்கிச் செல்கின்றன. பத்து நாளும் அதற்கு மேலும் நீளும் பயணத்தில் இரை மடிந்தால் வேட்டையும் மடியும். ஆதலின் கடல்நீரை இடையறாது பாய்ச்சி அவற்றைக் கண்போல் காக்கின்றனர்.

இரையைப் பேணத் தெரிந்தவர் சூரையையும் பேண வேண்டாவா? பெருஞ்சூரைக்குப் பெயர்பெற்ற ரெவியாகிகேடோ தீவுகளைச் சூழ்ந்த ஏறத்தாழ 1,48,000 சதுர கிலோமீட்டர் கடலில், மெக்சிகோ அரசு 2017-இல் மீன்பிடிப்பை முற்றாகத் தடைசெய்தது. களம் இழந்தோர் வருந்தலாம். எனினும், பிழைப்புக்காக வலை வீசுவோருக்கே எல்லை உண்டெனில், பொழுதுபோக்குக்காகத் தூண்டில் இடுவோர்க்கு அது கூடாதா? அத்தடை முறையானதே என்பது நம் கருத்து. போதுமென்னும் அளவைக் கரையிலேயே உறுதிசெய்துகொண்டு புறப்படுவதே நற்பயணமாகும்.