கும்ப்ளே தாடையும் என் மகள் முட்டியும்

மாமியார் - மருமகள் சண்டை, சீரியல் மோகம், நகைச் சீட்டு ஏமாற்று என்று இந்தப் பகுதியில் எல்லாவற்றையும் அலசியாகி விட்டது. விளையாட்டைப் பற்றி மட்டும் யாரும் எழுதக் காணோம். 'அது ஆம்பளைங்க சமாசாரம்' என்று பேப்பரில் அந்தப் பக்கத்தைத் திருப்பாமலே மடித்து வைக்கிற தோழிகளே, இன்றைக்கு நம் வீட்டுப் பெண் பிள்ளைகளும் வாலிபால், கபடி, ஹாக்கி என்று ஆடுகிறார்கள். அடிபட்டு வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும், ராத்திரி காலுக்குத் தலையணை வைப்பதும் நாம்தான். அதனால் இதில் நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

என் மகள் இப்போது பிளஸ் டூ. பள்ளி வாலிபால் டீமில் நன்றாக ஆடுகிற பெண். போன கல்வியாண்டில் ஒரு நாள், வலைக்கு மேலே எகிறி அடித்துவிட்டு இறங்கும்போது கால் பிசகி, முட்டிக்குள் 'டப்' என்று சத்தம் கேட்டதாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் முட்டி ஜவ்வு கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும், அதன்பின் குறைந்தது 9 மாதம் ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். முக்கியமான போட்டிக்கு இன்னும் 12 நாள்தான் இருந்தது.

கோச் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஒரே ஒரு மேட்ச்தாம்மா. முட்டியை இறுக்கிக் கட்டி, வலிக்கு ஒரு ஊசி போட்டுக்கிட்டா ஆடிடலாம். ஆபரேஷனை அப்புறம் பண்ணிக்கலாம். கும்ப்ளே தாடை உடைஞ்சும் பந்து போடலையா? டீமுக்காகக் கொஞ்சம் தியாகம் பண்ணணும்மா" என்றார். விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ் சீட் கிடைக்கும் என்ற நினைப்பில் என் வீட்டுக்காரர் தலையாட்டினார். மகளும் கண்ணில் தண்ணீரோடு தலையாட்டினாள். நான்தான் முடியாது என்றேன்.

கும்ப்ளே கதை எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் முடியாது என்றேன்.

2002 மே மாதம், மேற்கிந்தியத் தீவுகளில் ஆன்டிகுவா டெஸ்ட். பேட் செய்யும்போது மெர்வின் டில்லன் போட்ட பந்து பட்டு கும்ப்ளேவின் தாடை உடைந்தது. ஆபரேஷனுக்குப் பெங்களூர் திரும்ப வேண்டிய மனுஷன், முகத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கி 14 ஓவர் போட்டார். பிரையன் லாராவையும் அவுட் ஆக்கினார். அந்தக் கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்து நானும் உருகியவள்தான். ஆனால் தாடைக்கும் முட்டிக்கும் வித்தியாசம் இல்லையா? பந்து போடுவது தாடையால் இல்லை! அவருக்கு அப்போது 31 வயது. பத்து வருஷத்துக்கு மேல் டெஸ்ட் ஆடி, தன் உடம்பு எதைத் தாங்கும் என்று அறிந்தவர். பதினாறு வயதுப் பெண்ணை, அதுவும் எகிறிக் குதிக்கிற ஆட்டத்தில், கிழிந்த ஜவ்வோடு இறக்கிவிடுவதும் அதுவும் ஒன்றா? இந்த ஜவ்வு கிழிவது ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கே அதிகம். கிழிந்ததோடு ஆடினால் பக்கத்தில் இருக்கிற குருத்தெலும்பும் சேர்ந்து சிதையும். முப்பது, நாற்பது வயதிலேயே மூட்டுத் தேய்மானம் வரலாம். ஊசி வலியை மறைக்குமே தவிர, ஜவ்வை ஒட்டாது.

இன்னொன்று. கும்ப்ளேவுக்கு அடிபட்டது அந்த ஒரு தடவை மட்டும் இல்லை. மற்ற இரண்டையும் ஏன் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை?

ஆன்டிகுவாவுக்கு முன்பே தோளில் பிரச்னை வந்து ஆபரேஷன் செய்துகொண்டார். அதனால் 2001-ல் ஆஸ்திரேலியா நம் நாட்டுக்கு வந்து ஆடியபோது அவர் டீமிலேயே இல்லை. அந்த இடத்தில் ஹர்பஜன் சிங் 3 டெஸ்டில் 32 விக்கெட் எடுத்தார், நாமும் ஜெயித்தோம். கும்ப்ளே உட்கார்ந்ததால் டீம் மூழ்கிவிடவில்லை. அவரும் மூழ்கவில்லை. மொத்தம் எடுத்த 619 விக்கெட்டில் பாதிக்கு மேல் அந்த ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்ததுதான்! அவசரப்பட்டு அந்தத் தோளோடு இறங்கியிருந்தால்?

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2008-ல் மறுபடியும் ஆஸ்திரேலியா. இப்போது கும்ப்ளேதான் கேப்டன், வயது 38. டில்லி டெஸ்டில் ஒரு கேட்ச்சுக்குப் போய் இடது கை விரல் கிழிந்து 11 தையல். கட்டோடு வந்து பந்தும் போட்டார். ஆனால் அடுத்த நாக்பூர் டெஸ்டுக்குள் விரல் முழுசாகத் தேறாது என்று தெரிந்ததும், நவம்பர் 2-ம் தேதி, அந்த டில்லி மைதானத்திலேயே 'போதும்' என்று சொல்லிவிட்டார். 1999-ல் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 10 விக்கெட்டும் எடுத்தாரே, அதே மைதானம். தொடர் முடிய ஒரே ஒரு டெஸ்ட்தான் பாக்கி. 'கேப்டனாகவாவது நிற்கிறேன்' என்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை. தோனி கேப்டனாகி நாக்பூரில் ஜெயித்தார். கோப்பை வாங்கும்போது கும்ப்ளேவையும் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

முதலில் காத்திருந்தார், பிறகு வலியோடு இறங்கினார், கடைசியில் விலகிக்கொண்டார். மூன்றுமே டீமுக்குச் செய்ததுதான். நாம் நடுவில் இருப்பதை மட்டும் பிய்த்தெடுத்துத் தியாகம் என்று கொண்டாடுகிறோம்.

அதற்கும் காரணம் இருக்கிறது. நாம் வளர்ந்த விதம் அப்படி. '102 டிகிரி ஜுரத்தோட பத்துப் பேருக்குச் சமைச்சேன்' என்று பெருமையாகச் சொல்லாத அம்மா யார்? எங்கள் தெருவில் ஒரு அக்கா, முதுகுத்தண்டு டிஸ்க் நகர்ந்திருக்கிறது, குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியும், 'நான் தூக்கலேன்னா யார் தூக்குவா' என்று தூக்கித் தூக்கி இப்போது படுக்கையில் இருக்கிறார். இப்போது அவர் வீட்டுக்காரர்தான் தண்ணீர் பிடிக்கிறார். நன்றாகத்தான் பிடிக்கிறார்! முன்பே பிடித்திருக்கலாம்.

விலகுவது என்றவுடன், அடிபட்ட பெண்ணை 'போதும், படிப்பைப் பார், கல்யாணத்துக்குக் கால் வேண்டாமா' என்று மூலையில் உட்கார வைக்கிற அம்மாக்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். அதுவும் தப்பு. சானியா மிர்சா 2022 ஜனவரியில், இந்த வருஷத்தோடு டென்னிஸுக்கு விடை என்று அறிவித்தார். அடிபட்டால் உடம்பு தேற முன்பைவிட நாளாகிறது, சின்னப் பையனையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவது கஷ்டம் என்று காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். ஆகஸ்டில் கையில் காயம் ஏற்பட்டு அமெரிக்க ஓப்பனில் ஆட முடியாமல் போனது. அத்தோடு முடித்துக்கொள்ளாமல் அவர் தேதியைத் தள்ளி வைத்தார். 2023 ஜனவரியில் ரோகன் போபண்ணாவோடு சேர்ந்து ஆஸ்திரேலிய ஓப்பன் கலப்பு இரட்டையர் ஃபைனல் வரை போனார். பிப்ரவரியில் துபாயில் ஆடிவிட்டு விடைபெற்றார். அவர் எப்போது நிறுத்துவது என்பதைக் காயமும் முடிவு செய்யவில்லை, ஊரும் முடிவு செய்யவில்லை.

என் மகளுக்கு ஆபரேஷன் ஆகி 6 மாதம் ஆகிறது. அந்தப் போட்டியில் டீம் தோற்றுவிட்டது. 'உங்க பொண்ணு இறங்கியிருந்தா ஜெயிச்சிருப்போம்' என்று நடுத்தெருவில் வைத்து என்னிடமே சொன்னவர்கள் உண்டு. அவளும் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போது சாயங்காலம் மைதானத்துக்குப் போய், அவள் இடத்தில் ஆடிய ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு சர்வீஸ் போடக் கற்றுக்கொடுக்கிறாள். மறுபடி ஆடுவாளா என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். அதை அவள் சொல்லட்டும்.

போட்டிக்கு வெளியூர் அழைத்துப் போகும்போது பெற்றோரிடம் சம்மதக் கையெழுத்து வாங்குகிறார்கள். அடிபட்டுத் திரும்புகிற பிள்ளையை இறக்கும் முன் டாக்டர் கையெழுத்தும் கட்டாயம் வாங்க வேண்டும் என்று அடுத்த பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். உங்கள் பிள்ளைகளின் பள்ளியிலும் கேளுங்களேன்.

- ஒரு வாலிபால் வீராங்கனையின் அம்மா, ஈரோடு.