நடுவீட்டில் வைத்தால் என்ன?

திருவனந்தபுரத்துப் பழவங்காடி கணபதிக்கு விடிவதற்கு முன்பே தேங்காய் உடையத் தொடங்கிவிடும். ஒரு காலத்தில் திருவிதாங்கூர் நாயர் படையினர் கும்பிட்ட பிள்ளையார், இப்போது இந்திய ராணுவத்தின் பொறுப்பில் இருப்பவர், சத்தத்துக்கு அஞ்சாதவர். என் நாய் அஞ்சும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு இடவப்பாதி மழையில், கோயிலுக்குச் சற்றுத் தள்ளி நின்ற ஆட்டோவின் அடியில் சுருண்டு கிடந்த குட்டி அது. பக்கத்தில் உடைந்த சிரட்டை ஒன்று கிடந்தது. பெயரும் சிரட்டை ஆயிற்று. வலியசாலையில் வீட்டு வாசலில் கொண்டு இறக்கியதும், எதிர்வீட்டு மாமா திண்ணையிலிருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “தெருவுல பொறந்ததை ஆத்துக்குள்ள ஏத்தாதேடா. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்சாலும் அதோட புத்திதான் அதுக்கு.”

மாமாவின் சொந்தக் கருத்து என்றால் விட்டுவிடலாம். பால்காரர் முதல் என் மைத்துனன் வரை எல்லாரும் இதையே வேறு வேறு சொல்லில் சொன்னார்கள். தெரு நாய் வீட்டுக்கு ஆகாது. நாய்தான் வேண்டும் என்றால் காசு கொடுத்து ஜாதி நாய் வாங்கு. மூன்று வருடம் சிரட்டையோடு குடித்தனம் நடத்தியாயிற்று. இனி பதில் சொல்லலாம்.

முதலில் இந்த ஜாதிப் பேச்சு. சாலைக் கம்போளத்தில் ஒரு நடை போய்ப் பாருங்கள். நாடன் முட்டை, நாடன் கோழி, நாடன் பழம். நாடன் என்று சொன்னாலே விலையும் ஏறும், மரியாதையும் ஏறும். நாயில் மட்டும் நாடன் என்றால் முகம் சுளிக்கும். வெள்ளைக்காரன் நம் தெருநாய்க்கு வைத்த பெயர் ‘பரையா நாய்’. தமிழ் மக்களில் ஒரு பிரிவினரின் பெயரை எடுத்து, தள்ளி வைக்கப்பட்டவன் என்று அதற்குப் பொருள் ஏற்றி, நாய்க்கும் சூட்டினது ஆங்கிலம். நாம் மட்டும் என்ன செய்தோம்? விலை கூடிய நாயை ‘ஜாதி நாய்’ என்கிறோம். மனிதரிடம் சொல்லக் கூச வேண்டியதை நாயை வைத்துச் சொல்லிக்கொள்கிறோம். உடம்பு என்று பார்த்தால், குட்டை ரோமமும் நீண்ட மூக்கும் இந்த வேர்வை ஊருக்கென்றே அமைந்தவை. பனிநாட்டு ஹஸ்கியை வாங்கி வந்து இங்கே ஏ.சி. அறையில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பக் நாய் படி ஏறினால் மூச்சு வாங்குகிறதே, அந்த மூக்கு மனிதன் தன் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று தலைமுறை தலைமுறையாக நசுக்கிய மூக்கு. நாய் வளர்த்து விற்பவர் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. குட்டி வாங்கப் போனவர்கள் அந்தப் பதிவைக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நாய் விற்ற காசு குரைக்காது என்பது விற்கிறவனுக்கும் தெரியும்.

இரண்டாவது, தெருவில் பிறந்தது கடிக்கும் என்பது. இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2016 ஆகஸ்டில் இங்கிருந்து அதிக தூரமில்லாத புல்லுவிளைக் கடற்கரையில் 65 வயது அம்மாள் ஒருவர் நாய்க்கூட்டத்தின் நடுவே சிக்கி உயிரை விட்டார். அந்தக் கரையில் போய் நின்றுகொண்டு நாயின் நல்ல குணம் பற்றிப் பிரசங்கம் பண்ண முடியாது. ஆனால் கூட்டமாகத் திரிந்து, கொட்டின கழிவைத் தின்று வளர்ந்த நாயும், ஒரு வீட்டில் ஒற்றையாக, வேளைக்குச் சோறு தின்று வளர்ந்த நாயும் நடத்தையில் ஒன்றல்ல. பிறப்புச் சீட்டு இருந்தால் கடிக்காது என்பதும் கிடையாது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியவை இரண்டு ராட்வைலர்கள். வீட்டு நாய்கள், கயிறு இல்லாமல் வெளியே வந்தவை.

கடியை உண்டாக்குவது எது என்று பார்க்க வேண்டுமானால் நம் ஊர் வீடுகளின் கார் ஷெட்டை எட்டிப் பார்த்தால் போதும். மூலையில் இரும்புக் கம்பிக் கூடு. எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்துபோகிற இடம். பகல் முழுக்க அதில் அடைப்பு, ராத்திரி மட்டும் மதிலுக்குள் திறந்துவிடுவது. வீட்டு மனிதர் நான்கு பேர் தவிர வேறு மனித வாசனையே அறியாத மிருகம், ஒரு நாள் கேட் திறந்து கிடந்தால் தபால்காரரை என்ன செய்யும்? அதற்குக் காவல் நாய் என்று பெயர். நாயை எப்போதும் சங்கிலியிலோ நெருக்கடியான கூட்டிலோ அடைத்து, நடமாட விடாமல் வைப்பது 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய். தேங்காய் விற்கிற விலைக்கு அந்த ஐம்பதில் பிள்ளையாருக்கு இரண்டு காய் உடைக்கக் காணாது.

மூன்றாவது காரணம் பேய்நாய் விஷம், அதாவது ரேபிஸ். இவர்கள் சொல்கிறதில் எடையுள்ளது இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2025 மே மாதம் கொல்லம் மாவட்டத்துச் சிறுமி ஒருத்தி, ஏழு வயது, நாய் கடித்து ஊசி போட்டுக்கொண்டிருந்தபோதே நோய் கண்டு, இங்கே எஸ்.ஏ.டி. மருத்துவமனையில் இறந்தாள். ஊசி எல்லாரையும் எப்போதும் காப்பாற்றிவிடும் என்ற நிம்மதியையே அந்தச் சாவு கலைத்துப் போட்டது. ஆகவே தெருவிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கினால் அன்பு அப்புறம், டாக்டர் முதலில். மூன்று மாதத்தில் தடுப்பூசி, டாக்டர் சொல்கிற நாளில் மறு ஊசி, பிறகு வருடா வருடம். அது முடிகிறவரை குழந்தைகள் அதை முத்தமிடுவதும் மடியில் போட்டுக்கொள்வதும் கூடாது. வந்த இரண்டாம் நாளே சிரட்டை என் புறங்கையை நகத்தால் பிறாண்டிவிட்டது; ஒரு கோடு, ஒரு சொட்டு ரத்தம். குட்டிதானே என்று என் மனைவிகூடச் சொன்னாள். குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்று ஒன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். ரத்தம் வந்திருந்ததால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புச் சீரமும் போட்டார்கள், அது வலித்தது. எந்த நாயின் எச்சிலில் நோய் இருக்கிறது என்பதை அதன் ஜாதி சொல்லாது, ஊசி அட்டைதான் சொல்லும். பல வீடுகளில் லாப்ரடாருக்கு அந்த அட்டை போன வருடமே காலாவதி. “வெளியவே விடறதில்லையே” என்பார்கள். மதிலுக்குள் பூனை வராதா, கீரி வராதா?

அடுத்தது, வளர்ந்த தெருநாய் வீட்டுப் பழக்கம் கற்காது என்பது. சிரட்டை குட்டியாக வந்தது, அதனால் அதை வைத்து நான் வாதாடக் கூடாது. ஆனால் கற்றது என்ன என்று யாரும் கேட்பதில்லையே. முதல் மாதம் அது மாடிப்படி ஏறவில்லை. முதல் படியில் முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டு அழும். என் மனைவி முற்றம் பெருக்க ஈர்க்குமாற்றைக் கையில் எடுத்தால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும். யாரோ, எங்கேயோ, அதற்குத் துடைப்பத்தைப் பற்றி ஏற்கெனவே பாடம் நடத்தியிருக்கிறார்கள். துடைப்பத்தைக் கீழே கிடத்தி, அதன் மேல் இட்லித் துண்டை வைத்து, பதினைந்து இருபது நாள் அந்த மூலைக்கே நாங்கள் போகவில்லை. இப்போது துடைப்பத்தின் மேல் படுத்துக்கொண்டு பெருக்க விடுவதில்லை. ஆறேழு வாரக் குட்டி அடியை அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொள்ளும் என்றால், இட்லியைக் கற்காதா? முழு வளர்த்தி நாய்க்கு நாள் கூடும், பொறுமையும் கூட வேண்டும். அந்தப் பொறுமை தங்களுக்கு இல்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். நாய்க்குப் புத்தி இல்லை என்று மாற்றிச் சொல்ல வேண்டாம்.

ஃபிளாட்டில் குடியிருப்போர் சங்கம் விடாது என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. வளர்ப்புப் பிராணிக்கு முழுத் தடை போடும் சங்க விதி செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-இலேயே சொல்லிவிட்டது. லிஃப்டில் கயிற்றைக் குறுக்கிப் பிடிப்பதும், வாசலில் போனதைக் காகிதத்தில் அள்ளுவதும் நம் வேலை. அதைச் செய்யாதவர்களால்தான் சங்கம் அந்த விதியை எழுதவே போயிற்று.

“ஒண்ணைக் கூட்டிண்டு வந்தா ஊர்ல நாய் குறைஞ்சுடுமா?” என்று மாமா கேட்டது மட்டும் நியாயம். குறையாது. தத்தெடுப்பு தெருநாய்ப் பிரச்சினைக்கு மருந்து என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கும் ஒப்பில்லை. விளப்பில்சாலைக் குப்பை ஆலை 2011 கடைசியில் மூடினதிலிருந்து இந்த நகரம் தன் எச்சிலை எங்கே போடுவது என்று தவித்துக்கொண்டிருக்கிறது. இறைச்சிக் கழிவு மூட்டை ஓடையோரம் விழுகிறவரை நாய்க்கூட்டமும் அங்கே இருக்கும். தெருநாய்க் கருத்தடை வேலையில் இருந்த குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களுக்கு, விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. தெருவில் எண்ணிக்கை குறைய வேண்டுமானால் வழி கருத்தடை, தடுப்பூசி, குப்பை. ஆனால் இந்தக் கேள்வியின் இரட்டைப் பிள்ளை ஒன்று உண்டு: “அவ்வளவு இரக்கம் இருந்தா எல்லாத்தையும் நீயே கூட்டிண்டு போ.” ஒரு பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் கட்டினவரிடம் போய், ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் கட்டு என்று யாராவது சொல்வார்களா? ஒன்றை எடுப்பது ஒன்றுக்கான கணக்கு. அதிலும் கவனமான கணக்கு. 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம் டெல்லி வழக்கில், தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் மாநகராட்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்று வழிவிட்டுவிட்டு, கூடவே ஒரு வரி சேர்த்தது: எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு. எனக்கு அந்த உத்தரவில் பிடித்தது இந்த வரிதான். முகாமில் குட்டியோடு படம் எடுத்துக்கொண்டு, மூன்றாம் மாதம் ஊர் மாற்றம் என்று பைபாஸ் ஓரம் இறக்கிவிடுகிறவர்கள் மாமாவின் வாதத்துக்குத் தீனி போடுகிறவர்கள்.

வீட்டில் நன்றாக வளர்த்தாலும் வாசலுக்கு வெளியே கவலை தீராது. 2021 ஜூன் கடைசியில், இங்கே அடிமலத்துறையில், புரூனோ என்ற லாப்ரடாரைத் தூண்டில் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டு அடித்தே கொன்றார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, அதற்குப் புரூனோ என்றே பெயரும் வைத்தது. எல்லா வளர்ப்புப் பிராணிக்கும் உள்ளாட்சியில் உரிமம் எடுக்க வேண்டும் என்ற உத்தரவு அந்த வழக்கில்தான் பிறந்தது. சிரட்டைக்கும் உரிமம் உண்டு. ஊசி அட்டையையும் உரிமத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கிற இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன். மாமா கேட்டபோது எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் வாசித்தார். “இனம்னு போட்ட எடத்துல நாடன்னு எழுதியிருக்கே” என்றார். ஆமாம் மாமா என்றேன்.

போன வெள்ளிக்கிழமை அவரை மறுபடி திண்ணையில் பிடித்து, மேலே எழுதினதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். காப்பி ஆறுகிறவரை கேட்டார். சிரட்டை அவர் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. காலை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

“எல்லாம் சரிடா. நேத்து ராத்திரி ரெண்டு மணிக்குக் கத்தித்தே, ஊரே முழிச்சுண்டுடுத்து. அதுக்கு என்ன மறுப்பு வச்சிருக்கே?”

அதற்கு மறுப்பு இல்லை. ஓட்டு மேல் மரநாய் போயிருக்கிறது.