உயிர்நாடிக்கு ஒரு துணை

விளையாட்டுப் பொருளைப் பற்றி ஆழ்ந்து சிந்திக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. ரேடியோ அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானங்களையும் அவர்கள் அப்படியே கருதுகின்றனர். ஆனால் 5 கிலோ எடையுடன் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஒன்றை விளையாட்டாக எண்ணிவிட முடியுமா? அந்த வேகத்தில் அது மோதுவது, சுமார் 32 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ ஒரு பத்து மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து, 5 கிலோக் கல் விழுவதற்குச் சமம். இயற்பியல் மாணவனாகிய நான் இதைக் கணக்கிட்டுப் பார்த்த நாள் முதல் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. இத்தகைய விமானம் எதுவும் ஒற்றைப் பாட்டரியை நம்பிப் பறக்கக் கூடாது என்பதே அது.

காரணத்தைக் கூறுகிறேன். தரையில் நிற்பவர் கைப்பெட்டியிலுள்ள குச்சியை அசைக்கிறார். அந்தச் செய்தியை விமானத்திலுள்ள ரிசீவர் வாங்கி, சர்வோ எனப்படும் சின்னஞ்சிறு மோட்டார்களுக்கு மின்துடிப்புகளாக அனுப்புகிறது. துடிப்பின் நீளம் ஒரு மில்லிசெகண்டானால் சர்வோ ஒரு பக்கம் திரும்பும்; இரண்டானால் மறுபக்கம்; ஒன்றரையானால் நடுவில் நிற்கும். இறக்கைத் தகடும் வால் தகடும் சுக்கானும் அசைவது இவற்றால்தான். இவை அனைத்துக்கும் உயிர்நாடி ஒரு சிறு பாட்டரி.

என்ஜின் நின்றுவிட்டால் விமானம் விழுந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. என்ஜின் நின்றால் விமானம் சறுக்கு விமானமாகிறது. கைதேர்ந்தவர் அதை மெதுவாக இறக்கிவிடலாம். பாட்டரி நின்றாலோ, என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்! மெதனால் எரிபொருளில் ஓடும் என்ஜினின் பிளக் தன் வெப்பத்திலேயே கனன்றுகொண்டிருப்பதால், ஓடத் தொடங்கிய பின் அதற்கு மின்சாரம் தேவையில்லை. பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றில் தீப்பொறிக்குத் தனிப் பாட்டரி உண்டு. சர்வோக்கள் செயலற்றுக் கிடக்க, முழு வேகத்தில் ஓடும் என்ஜினுடன் கேட்பாரற்ற ஒரு விமானம் வானத்தில் திரியும். தொடர்பு அறுந்தால் என்ஜினைத் தணிக்கும் ஏற்பாடு ரிசீவரில் இருக்கிறதே என்பார்கள். அந்த ரிசீவருக்கே மின்சாரம் இல்லாதபோது ஏற்பாடு எங்கிருந்து வேலை செய்யும்?

பெரிய விமானங்களைக் கட்டியவர்கள் இந்த உண்மையை நன்கு உணர்ந்தவர்கள். 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் கனடாவில், எரிபொருளை அளந்தவர்கள் பவுண்டையும் கிலோகிராமையும் குழப்பிக்கொண்டதால், ஒரு போயிங் 767 விமானம் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. இரண்டு என்ஜின்களும் அணைந்தன. அப்போது விமானத்தின் வயிற்றிலிருந்து ஒரு சிறு காற்றாடி வெளியே வந்தது. எதிர்க்காற்றில் சுழன்று, கட்டுப்பாட்டுத் தகடுகளை அசைக்கும் ஆற்றலை அது தந்தது. விமானம் கிம்லி என்னும் ஊரின் பழைய விமானத் தளத்தில் இறங்கியது. அதிலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். என்ஜினைக் காப்பாற்ற முடியாத நிலையிலும் கட்டுப்பாட்டைக் காப்பாற்றினார்கள். கட்டுப்பாடு உயிர்களைக் காப்பாற்றியது.

இரண்டாவது பாட்டரி வீண் சுமை என்பது முதல் மறுப்பு. நான்கு நிக்கல் செல்கள் கொண்ட அடுக்கின் எடை சுமார் 110 கிராம். 5 கிலோ விமானத்தில் இது நூற்றுக்கு இரண்டு பங்குதான். சமநிலைக்காக மூக்கில் ஈயக்கட்டி வைத்துப் பறக்கும் விமானங்கள் எத்தனையோ! அந்த ஈயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாட்டரியை வைத்தால் சுமை எங்கே கூடியது? சில நூறு கிராம் எடையுள்ள நுரைப் பலகை விமானங்களுக்கு இது வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெரிய மின்தேக்கி ஒன்றைச் செருகினால் போதாதா என்பது இரண்டாவது மறுப்பு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4,700 மைக்ரோஃபாரட் மின்தேக்கியிலிருந்து சர்வோக்கள் 2 ஆம்பியர் இழுத்தால், 2.35 மில்லிசெகண்டிலேயே அழுத்தம் 1 வோல்ட் இறங்கிவிடும். கண நேரத் தள்ளாட்டத்துக்கு அது ஊன்றுகோலாகலாம். பாட்டரி செத்தபின் அதனால் பயனில்லை.

இரண்டு பாட்டரிகளை வைத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. இரண்டையும் ஒரே சுவிட்ச் வழியாக, ஒரே கம்பியில் கோத்தவர் ஒன்றைத்தான் வைத்திருக்கிறார். அதிர்வினால் அந்தச் சுவிட்ச் பழுதானால் இரண்டும் சேர்ந்தே பயனற்றுப் போகும். மின்மோட்டார் விமானங்களில், பெரிய பாட்டரியின் அழுத்தத்தைக் குறைத்து ரிசீவருக்குத் தரும் சுற்று ஒன்று உண்டு. இரண்டாவது பாட்டரியை அந்தச் சுற்றின் வழியாகவே இணைத்தால், சுற்று கருகும்போது துணையும் போய்விடும். ஆகவே செல், சுவிட்ச், கம்பி, செருகி ஆகிய நான்கும் தனித்தனியே இருத்தல் வேண்டும். நான்கு செல்லில் ஒன்று குறுக்குச்சுற்றானால் 4.8 வோல்ட் அடுக்கு 3.6 வோல்ட்டாகிவிடும். அந்த நோயுற்ற அடுக்கு நல்ல அடுக்கையும் கீழே இழுக்காதவாறு, இடையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு டையோடு நிற்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றை இறுதியில் சொல்கிறேன். துணைப் பாட்டரி தன் வேலையைச் செவ்வனே செய்தால், முதல் பாட்டரி செத்ததே நமக்குத் தெரியாது. விமானம் வழக்கம்போல் பறக்கும். நாமும் இரண்டு இருக்கின்றன என்ற தைரியத்தில் ஒற்றைப் பாட்டரியில் பறந்துகொண்டிருப்போம். எனவே ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் முதலாவதை மட்டும் இயக்கி, எல்லாச் சர்வோக்களையும் அசைத்தபடியே வோல்ட் மீட்டரைப் பார்க்க வேண்டும். பிறகு அதை அணைத்துவிட்டு, இரண்டாவதை மட்டும் இயக்கி அவ்வாறே பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலைதான் இது. இதைச் செய்யச் சோம்பல்படுகிறவருக்கு இரண்டாவது பாட்டரி பாதுகாப்பைத் தருவதில்லை. பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற மயக்கத்தைத்தான் தருகிறது.

நண்பர்களே! வானத்தில் பறப்பது நம்முடைய பொருள். ஆனால் அதன் கீழே நடப்பவர் நம்மை அறியாதவர். நம் பொழுதுபோக்கின் ஆபத்தை அவர் தலையில் ஏற்ற நமக்கு உரிமையில்லை. 110 கிராம் பாட்டரியும் இரண்டு நிமிடச் சோதனையும் நாம் அவருக்குச் செலுத்த வேண்டிய கடன். அந்தக் கடனைத் தீர்த்த பின்பே விமானத்தை வானில் ஏற்றுவோம்.