எண்ணிக்கை மட்டும் கணக்காகாது

அரசு அலுவலகக் கணினிகளுக்கு இருப்புப் பதிவேடே போதும், தனிக் கண்காணிப்பு வீண் செலவு என்ற வாதம் தவறானது. ராயக்கோட்டை போன்ற ஊரின் சிறிய அலுவலகத்தில்கூட அது நிற்காது. பதிவேட்டில் ‘கணினி – 4’ என்று இருக்கும். மேசையிலும் நான்கு இருக்கும். பழுதுபார்க்கப் போன கணினி அதே ஹார்ட் டிஸ்க்குடன் திரும்பியதா என்பதை அந்த வரி சொல்லாது. வரிசை எண், உத்தரவாதக் காலம், பயன்படுத்துபவர், பழுது விவரம் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அது கணக்கு.

மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள், நிலையான சொத்துகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் சரிபார்க்கச் சொல்கின்றன. நாற்காலிக்கு அது போதும், கணினிக்குப் போதாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. எந்தக் கணினியில் அது ஓடுகிறது என்று தெரியாத அலுவலகம் பட்டா, சான்றிதழ் விவரங்களை எப்படிக் காக்கும்?

செலவு என்பதும் சாக்குதான். ஒட்டுச்சீட்டும் ஒரு விரிதாளும் போதும். கழிக்கும்போது தரவை அழித்து, 2022 மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்த தேதியையும் எழுதினால்தான் பதிவு முழுமை பெறும்.