முதல் பரீட்சை அலையிடம்!

புது பைக் வாங்கினால் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு ஜாலியாக ஒரு ரவுண்டு போவோம். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் புது வள்ளத்துக்கு அந்த முதல் ரவுண்டே பெரிய பரீட்சை. கரையை ஒட்டியே அலை உடையும். அதைத் தாண்டினால்தான் மீன்பிடிப்பு. திரும்பும்போதும் அதே அலை காத்திருக்கும்.

கட்டுமரம் கவிழ்ந்தாலும் மூழ்காது. ஆனால் கட்டைகள் தண்ணீர் குடித்துக் கனக்கும். கரையில் ஏற்றிக் காயவைக்க வேண்டும். ஏற்ற மரம் கிடைப்பதும் அரிதானது. 1980களின் தொடக்கத்தில் முட்டத்தில், பெல்ஜியம் பொறியாளர் பியர் ஜிலே, மரைன் பிளைவுட்டில் வள்ளம் கட்டும் முயற்சியில் இறங்கினார்.

காகிதத்தில் வரைவது எளிது. அலையைத் தாண்டுமா, மணலில் ஏறுமா, வலையோடு ஆட்களைத் தாங்குமா என்பதை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்த அனுபவத்தை 1985-ல் புத்தகமாக்கிய ஜிலே வைத்த தலைப்பு, ‘ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்’. ‘சிறியது அழகு’ என்று உலகம் பேசிக்கொண்டிருந்தபோது, ‘சிறியது கடினம்’ என்றார் அவர்.

பிறகு, மோட்டார் பொருத்திய பிளைவுட் வள்ளங்கள் இந்தக் கரைகளில் பரவின. வரைந்தது பொறியாளர், பாஸ் மார்க் போட்டது, உயிரைப் பணயம் வைத்து ஓட்டிய மீனவர்கள்!