பைக்கில் லக்கேஜ்: பஞ்சி கார்டு மட்டும் போதுமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓசூரில் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பாருங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று ஊருக்குக் கிளம்பும் பைக்குகளில் பின்சீட் முழுக்க பை. அதைப் பிடித்திருப்பது கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு, அதாவது பஞ்சி கார்டு.

என்ன பிரச்சினை?

எலாஸ்டிக் இழுபடும். பள்ளத்தில் குதித்தால் கொக்கி கழலலாம். தொப்பூர் கணவாய் வளைவில் பை ஒருபக்கம் சரியலாம். கயிறு பின்சக்கரத்தில் சிக்கினால் சக்கரமே பூட்டிக்கொள்ளும். பை ரோட்டில் விழுந்தால் பின்னால் வருபவர் உயிருக்கே ஆபத்து.

எப்படிக் கட்டுவது?

* இழுபடாத, பக்கிள் வைத்த நைலான் ஸ்ட்ராப் இரண்டு போடுங்கள். பையை ஆட்டினால் பைக்கும் சேர்ந்து ஆட வேண்டும். தொங்கும் நுனியை முடிந்துவிடுங்கள்.
* கனமான பொருள் உங்கள் முதுகை ஒட்டி இருக்கட்டும். பின்சக்கரத்தைத் தாண்டிப் போனால் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில்பார் ஆடும்.
* சைலன்சரில் பை படக்கூடாது. டெயில் லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் மறையக்கூடாது.
* டயர் காற்று, மேனுவலில் இருவர் பயணத்துக்குச் சொன்ன அளவு.
* 20 கி.மீ. போனதும் நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள்.

யார் பொறுப்பு?

டூரிங் என்றாலே லடாக்தான் நினைவுக்கு வருது. வாராவாரம் ஊருக்குப் போகிற தொழிலாளியின் 100 சிசி பைக்கும் டூரிங் பைக்தான். டி.வி.எஸ். பைக் தயாராகும் ஊர் இது. ஸ்ட்ராப் மாட்ட நாலு உறுதியான வளையங்களை, எல்லா கம்பெனிகளும் சாதாரண பைக்கிலேயே கொடுக்கலாமே? கேட்போம். அதுவரை ஸ்ட்ராப் வாங்குவது நம்ம வேலை.