“வாங்காதீர்கள்” என்றார் கம்பெனித் தலைவர்!

தன் சரக்கை வாங்காதீர்கள் என்று சொன்ன வியாபாரி உண்டா? உண்டு! ‘500இ’ மின்சாரக் கார் ஒன்று விற்றால் 14,000 டாலர் நஷ்டம், வாங்காதீர்கள் என்று 2014-ல் சொன்னார், பியட் கம்பெனியின் அன்றைய தலைவர் மார்க்கியோனே. (கணக்கு அவருடையது, நஷ்டப் பாட்டு முதலாளிகளுக்குப் புதிதல்ல.) பின் ஏன் விற்றார்? பெட்ரோல் கார் விற்கும் பெரிய கம்பெனிகள் புகையில்லாக் காரும் விற்றாக வேண்டும் என்றது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம். 2013-ல் வந்த கார், 2019-ல் நின்றது.

இன்று அது இரண்டாம் கைக்கு மலிவாகக் கிடைக்கிறது. புதிதில் ஒரு சார்ஜுக்குச் சுமார் 140 கிலோமீட்டர் ஓடியது. வேலைக்குப் போய்வரத் தாராளம். ஆனால் பழுதானால்? உதிரிபாகத்துக்கு அலைகிறான் வாங்கியவன். விற்க வைத்த சட்டம், கார் ஓடும்வரை உதிரிபாகமும் கொடுக்க வைக்க வேண்டும் என்கிறோம் நாம்.